பறவைக்கும் நமக்கும் எத்தனை மீட்டர்?

நவம்பர் வந்துவிட்டால் சென்னையில் பெரும்பாக்கம் ஏரியோரமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ரேடியல் ரோடும் நீள நீள லென்ஸ்களால் நிறைந்துவிடும். புதிதாக வருபவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எஃப் எவ்வளவு வச்சிருக்கீங்க?" லென்ஸின் துவாரம், அதாவது அபெர்ச்சர், எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது இந்த எஃப்; எண் கூடக்கூடத் துவாரம் சுருங்கும், தெளிவின் ஆழம் கூடும். பதிலுக்கு ஓர் எண் கிடைக்கும். அதையே வைத்துக்கொண்டு ஐந்து மீட்டரில் இருக்கும் தேன்சிட்டையும் ஐம்பது மீட்டரில் மிதக்கும் கூழைக்கடாவையும் எடுப்பார்கள். பறவைப் படங்களில் நடக்கும் குளறுபடிகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

படத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும் என்பதை அபெர்ச்சர் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. தூரத்துக்குத்தான் அதில் பெரிய பங்கு. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6 என்று வைத்துக்கொள்வோம். பறவை 5 மீட்டரில் இருந்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான். 10 மீட்டரில் அது 20 செ.மீ.யைத் தாண்டும். 20 மீட்டரில் 80 செ.மீ.க்கும் மேல். தூரம் இரட்டிப்பானால் ஆழம் நான்கு மடங்கு ஆகிறது. ஆனால் எஃப் 5.6-லிருந்து 8-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். அதைவிடச் சிறிய க்ராப் சென்சார் கேமரா என்றால் இந்த அளவுகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், 'எப்போதும் லென்ஸை முழுக்கத் திறந்து வை' என்ற அறிவுரை எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பது புரியும். வீட்டு மாடியில் செம்பருத்திச் செடிக்கு வரும் தேன்சிட்டு அலகு முதல் வால் வரை 10 செ.மீ. அளவுதான். பக்கவாட்டில் உட்கார்ந்தால் அந்த 5 செ.மீ. ஆழமே தாராளம். நம்மைப் பார்த்துத் திரும்பியதும் கதை மாறிவிடும்: கண் தெளிவாக இருக்கும், அலகின் நுனியும் வாலும் கரைந்துவிடும். அந்த இடத்தில் எஃப் 8 வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நாற்பது மீட்டர் தள்ளி மிதக்கும் கூழைக்கடாவுக்கு எஃப் 5.6-லேயே மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கிறது. அங்கே எஃப் 11 வைப்பவர் ஒன்றும் சம்பாதிப்பதில்லை. இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) இழப்பதுதான் மிச்சம். ஷட்டர் வேகம் 2000-லிருந்து (அதாவது நொடியில் 2000-இல் ஒரு பங்கு) 500-க்கு இறங்கும், இல்லையென்றால் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 800-லிருந்து 3200-க்கு ஏறும்.

ஜோடியாக, கூட்டமாக நிற்கும் பறவைகளில் இன்னொரு தவறு. இரண்டு நெடுங்கால் உள்ளான்கள், ஒன்று மற்றொன்றுக்கு ஒரு மீட்டர் பின்னால். 15 மீட்டரிலிருந்து எடுத்தால் எஃப் 5.6-க்கு அரை மீட்டர் ஆழம்தான். எஃப் 11 வைத்தாலும் ஒரு மீட்டரை எட்டாது. டயலைத் திருகிக்கொண்டிருப்பதை விட, இரண்டும் ஒரே வரிசைக்கு வரும்வரை காத்திருப்பது மேல். இரை தேடும்போது அவை நடந்துகொண்டேதான் இருக்கும், எப்படியும் வரிசை சேரும். பின்னால் தள்ளிப்போய் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டி க்ராப் செய்யலாமே என்று கேட்கலாம். ஓரளவு பலன் உண்டு. ஆனால் படத்தைப் பெரிதாக்கும்போது மங்கலும் சேர்ந்தே பெரிதாகும், அதனால் கணக்கில் தெரியும் அளவுக்குக் கிடைக்காது.

அடுத்தது பேக்கிரவுண்டு. பின்னணி வெண்ணெய் மாதிரி கரைய வேண்டும் என்பதற்காக லட்சக்கணக்கில் கொட்டி எஃப் 4 லென்ஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சதுப்பு நிலத்துக் கோரைப்புல்லுக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி நிற்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் அரை மீட்டரிலேயே அடுத்த புதர் என்றால், எஃப் 4 வைத்தாலும் அந்தப் புல் கோடு கோடாகத் தெரியத்தான் செய்யும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பது பறவைக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. நாலு எட்டு இடது பக்கம் நகருங்கள், அல்லது கரையில் உட்கார்ந்துவிடுங்கள். பின்னால் புதருக்குப் பதிலாகத் தூரத்துத் தண்ணீர் வந்துவிட்டால் சாதாரண 70-300 கிட் லென்ஸே போதும். தாழ்ந்து உட்கார்ந்தால் பறவையின் கண் மட்டத்துக்கும் வந்துவிடுவோம், அது தனி லாபம். மங்கல் கூடட்டும் என்று பறவையை நெருங்கிப் போகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அது தலையை நிமிர்த்தி உங்களையே பார்க்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி வந்தாயிற்று. கூடு பக்கத்தில் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, படம் தெளிவில்லாமல் வந்துவிட்டது. உடனே எல்லோரும் அபெர்ச்சர் மேல் பழி போடுவார்கள். அதற்கு முன் வீட்டில் கம்ப்யூட்டரில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பறவையைவிட்டு அதைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒரு புல், ஒரு கிளை கச்சிதமாக விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் ஃபோகஸ் தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. கோரைக்குள் இருக்கும் பறவைகளில் இது சர்வசாதாரணம். ஃபோகஸ் பாயின்டைச் சிறிதாக்கிக் கண் மேல் வையுங்கள். பறவை உட்கார்ந்த கிளை தெளிவு, தலையும் இறக்கையும் மட்டும் இழுபட்டிருக்கின்றன என்றால் ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் அசைவை அது என்ன செய்ய முடியும்? அசையாமல் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 500 போதும். அது தண்ணீரில் பாய்வதை எடுக்க 3000-க்கு மேல் வேண்டும். பறக்கும் செம்பருந்துக்கு 2000 வைத்தால் நிம்மதி. படத்தில் எதுவுமே தெளிவாக இல்லை, எல்லா ஓரமும் ஒரே திசையில் இரட்டை இரட்டையாகத் தெரிகிறது என்றால் கேமராதான் ஆடியிருக்கிறது.

இதில் ஐஎஸ்ஓ பயமும் சேர்ந்துகொள்ளும். 400-க்கு மேல் போனால் படம் கெட்டுவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸை மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். இழுபட்டுப்போன கண்ணைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. மேனுவல் மோடில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுவது கிண்டி தேசியப் பூங்கா மாதிரி வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடங்களில் ரொம்ப வசதி. கேமரா கணக்கிடும் வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மட்டும் மறக்க வேண்டாம்: இருண்ட தண்ணீர் முன்னால் வெள்ளைக் கொக்கு என்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள், வெளிறிய வானத்தில் கள்ளப்பருந்து என்றால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள்.

சென்னைக்கென்றே இரண்டு தொல்லைகள் உண்டு, இரண்டுக்கும் கேமரா மெனுவில் மருந்து கிடையாது. ஒன்று கானல். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கும் சேற்றுத் திட்டுக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். தூரத்துப் பூநாரையை வரிசையாகப் பத்து படம் எடுத்தால், ஒவ்வொன்றிலும் அதன் கால்கள் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கும். எவ்வளவு விலையுள்ள லென்ஸ் ஆனாலும் இதே கதிதான். எஃப் 11 வைத்தால் சரியாகாது. பக்கத்தில் இருக்கும் பறவைக்கு மாறுங்கள், இல்லை மறுநாள் சீக்கிரம் வாருங்கள்.

இன்னொன்று ஏசி. இரவெல்லாம் ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸை விடியற்காலையில் நேராக வெளியே எடுத்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் முன் கண்ணாடியில் படிந்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படியும். கேமரா பையை முந்தின இரவே ஏசி இல்லாத ஹாலில் வைத்துவிடுங்கள். காரில் போகிறவர்கள் அதை டிக்கியில் போட்டுக்கொள்ளலாம்.