உப்புத்தாளில் படம் அச்சிடுவது எப்படி

இங்கிலாந்தின் லேக்காக் ஊரில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1834 முதல் செய்த சோதனைகளில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. உப்பும் சில்வர் நைட்ரேட்டும் ஏற்றிய தாளில் உப்பு குறைந்தால் வெயிலில் சீக்கிரம் கறுக்கும்; உப்பு மிகுந்தால் கறுக்கத் தயங்கும். முன்னதால் படத்தை வரவழைத்தார், பின்னதால் நிறுத்தப் பார்த்தார். நாம் முன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

1 லிட்டர் நீரில் அயோடின் சேராத உப்பு 20 கிராம் கரைத்து, பருத்தி வாட்டர்கலர் தாளை 2 நிமிடம் முக்கித் தொங்கவிடுங்கள்.

உலர்ந்தபின் மங்கிய மஞ்சள் குண்டு பல்பின் வெளிச்சத்தில் வெள்ளி பூச வேண்டும். சில்வர் நைட்ரேட் 12 கிராமுக்கு டிஸ்டில்டு வாட்டர் 100 மி.லி. குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருப்பதால் கரைசல் பால்போலத் திரியும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்: தோலில் பட்டால் கறுப்புக் கறை, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உலோகப் பட்டை இல்லாத பிரஷால் நெடுக்கிலும் குறுக்கிலும் பூசி, இருட்டில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் மிச்சமிருந்தால் தாள்மேல் வைக்கப்போகும் நெகடிவில் வெள்ளிக் கறை ஏறி அது பாழ்.

நெகடிவோ, இலையோ, டால்பட்டுக்குப் பிடித்த சரிகைப் பின்னலோ, எதையும் தாள்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டலாம். நெகடிவ் நல்ல கான்ட்ராஸ்ட் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண நெகடிவ் சப்பென்று விழும். நேரத்தை நம்பாமல் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைசலில் படம் வெளுக்கும் என்பதால், வேண்டியதைவிடக் கறுத்தபின் எடுக்க வேண்டும். இந்தத் தாளை கேமராவுக்குள் வைத்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். 1840-ல் டால்பட் காலிக் அமிலத்தால் டெவலப் செய்யக் கற்றபின்தான் அது நிமிடங்களாகச் சுருங்கியது.

வெயிலிலிருந்து எடுத்த தாளை, பால் நிறம் வருவது நிற்கும்வரை நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு பழுப்புத் திட்டு நிச்சயம். அடுத்தது ஹைப்போ: லிட்டருக்கு 100 கிராம், கூடவே வாஷிங் சோடா 2 கிராம், இரண்டு தட்டுகளில் தலா 4 நிமிடம். வெள்ளி உப்புகளை ஹைப்போ கரைக்கும் என்று விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டிருந்தார். 1839-ல் டால்பட்டுக்குச் சொன்னார். அதற்குமுன் உப்பால் நிறுத்திய படங்களில் வெள்ளி குளோரைடு தாளிலேயே தங்கிவிட்டது. அதனால் அவற்றை இன்றும் வெளிச்சத்தில் மாட்டிவைக்க முடியாது.

கடைசியாக ஒரு மணி நேரம் ஓடும் நீரில் கழுவுங்கள். ஹைப்போ தங்கினால் படம் மஞ்சளாகி மங்கும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கும். சாக்கடையில் கொட்டாமல் தனிக் கேனில் சேர்த்து வையுங்கள்.