போட்டோ புக் அடிக்கக் கொடுக்கும் முன்

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்கள் அடித்த போட்டோ புக்கில் அப்பா பாதிதான் இருக்கிறார். வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் குடும்பமே கூடி நின்று எடுத்த படம். ஆசையாக இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெரிதாகப் போட்டிருந்தோம். நடுவில் நின்றவர் அவர், மடிப்பும் நடுவில்தான். புரட்டிப் பார்த்த அத்தை, "எல்லாரும் இருக்கீங்க, என் தம்பி எங்கடா?" என்றார்.

அடித்துக் கொடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் அனுப்பியதைத்தான் அடித்திருந்தார்கள். விலை என்ன, அட்டை என்ன நிறம் என்று நாலைந்து கம்பெனிகளிடம் விசாரித்த நாங்கள், பைண்டிங் என்னவென்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்காததை யாரும் சொல்லவும் இல்லை.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் கரிஸ்மா என்று சொல்லும் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அதில் எதிரெதிர் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில் அச்சாகி, நடுவில் மடித்து, முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருக்கும். விரித்தால் பலகை போலப் படுத்துவிடும். லே ஃபிளாட் என்பது இதுதான். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கும் போட்டோ புக்குகளில் பல, நாவல் புத்தகம் போல ஓரத்தில் பசை வைத்து ஒட்டியவை. பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று பெயர், ஆனால் முழுதாக விரியாது. மடிப்பை ஒட்டிய பகுதி உள்ளே போய்விடும். சின்னச் சின்னப் படங்களும் கொஞ்சம் எழுத்தும்தான் என்றால் அதுவே போதும், முகங்களை மட்டும் நடுவில் வைக்காதீர்கள். பெரிய படங்கள் வேண்டுமென்றால் லே ஃபிளாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். வெல்வெட் அட்டை, சூட்கேஸ் மாதிரி பெட்டி இதற்கெல்லாம் காசைக் கொட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

விலையை ஒப்பிடும்போது இன்னொரு குழப்பம் வரும். ஸ்டூடியோக்காரர் 'ஷீட்' கணக்கில் சொல்வார், ஆன்லைன் கம்பெனி 'பக்கம்' கணக்கில் சொல்லும். ஒரு ஷீட் என்றால் எத்தனை பக்கம் என்று கேட்டுக்கொள்ளாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. பாதி விலை என்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தள்ளுபடியையும் அப்படியே நம்ப வேண்டாம். கூடுதல் பக்கம், கூரியர் எல்லாம் சேர்த்துக் கடைசியில் கையை விட்டுப் போகும் தொகைதான் விலை.

அச்சு முறையும் ஒன்றல்ல. ஒளிபட்டு ரசாயனத்தில் கழுவி வரும் நிஜமான போட்டோ பேப்பர் ஒரு வகை. எச்பி இண்டிகோ போன்ற டிஜிட்டல் பிரஸ்ஸில் ஆர்ட் பேப்பர் மேல் அடிப்பது இன்னொரு வகை. தோல் நிறம் வழவழப்பாக வர முதலாவது நல்லது, பொடி எழுத்து கூர்மையாக வர இரண்டாவது நல்லது. சிவகாசியில் தெரிந்தவர் இருக்கிறார் என்று ஐந்து பிரதிக்கு ஆஃப்செட் அச்சகத்துக்கு ஓடாதீர்கள். அங்கே முதலில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட்டுத்தான் அடிக்க வேண்டும். விழா மலர் 500 பிரதி என்றால் சரி, ஐந்துக்குக் கட்டுபடியாகாது.

அப்புறம் தமிழ். வெளிநாட்டு மென்பொருளை நம்பியிருக்கும் கம்பெனி என்றால் இதை முதலிலேயே சோதித்துவிடுங்கள். அவர்களுடைய எடிட்டரில் 'கொள்ளுப்பாட்டி' என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள். கொம்பு இடம் மாறி, கூடவே ஒரு புள்ளி வட்டம் முளைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். திரையில் ஒழுங்காகத் தெரிந்தும் அச்சில் கட்டம் கட்டமாக வருவதுண்டு. அதனால் அவர்கள் தரும் முன்னோட்ட பிடிஎஃப்பையும் பார்க்க வேண்டும். உள்ளூர் டிசைனரிடம் வேறு விதமான ஆபத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிவிடும். தப்பிக்க வழி, தலைப்பையும் பெயர்களையும் படமாகவே மாற்றிக் கொடுத்துவிடுவது. பெயர்களை வீட்டில் பெரியவர் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சித்தப்பா பெயரில் ளகரம் லகரமானால் அதை அவர் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்.

படங்களை எப்படி வாங்கிக்கொள்கிறார்கள் என்பதிலும் கம்பெனியின் தரம் தெரிந்துவிடும். "வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க சார்" என்றால் யோசியுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நீளவாட்டில் 1600 பிக்சல் அளவுதான் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சுக் கணக்கு. அப்படியானால் அது 5 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும், 12 அங்குலப் பக்கத்தில் போட்டால் முகம் கஞ்சி மாதிரி கலங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் போடுங்கள். பழைய படங்களை டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்தால் 3600 பிக்சல் கிடைக்கும், 12 அங்குலத்துக்குச் சரியாகப் போதும். தரம் குறைந்த படத்தைப் போட்டவுடன் எச்சரிக்கை காட்டும் எடிட்டர் இருந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு மார்க் கூட.

அவர்கள் இணையதளத்தில் வடிவமைத்த புத்தகம் அவர்களிடமே மாட்டிக்கொள்ளும் என்பதை யாரும் நினைப்பதில்லை. படங்களை ஏற்றி அச்சிட்டு வாங்கும் தளமான கோடாக் கேலரியைக் கோடாக் நிறுவனம் 2012இல் மூடியது. ஆப்பிள் நிறுவனமே 2018 செப்டம்பரோடு போட்டோ புக் அச்சிட்டுத் தருவதை நிறுத்திக்கொண்டது. நம் பிடிஎஃப்பை வாங்கி அடித்துத் தரும் கம்பெனி என்றால் கோப்பு நம் கையில் இருக்கும், பத்து வருஷம் கழித்து வேறு எங்கேயும் அடிக்கலாம். ஓரம் வெட்டும்போது போய்விடும் என்பதால் படத்தைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்வார்கள், அவ்வளவுதான் வேலை.

ஐந்து பிரதி வேண்டுமென்றால் முதலில் ஒன்று மட்டும் அடித்துப் பாருங்கள். திரை பின்னாலிருந்து வெளிச்சம் தருவது, தாள் அப்படியல்ல, எனவே அச்சு சற்று இருட்டாகத்தான் தெரியும். கலர் கரெக்‌ஷன் என்று அவர்களாகவே கைவைப்பார்களா என்றும் கேளுங்கள். மாநிறப் பாட்டியை மாவு பூசியது போல வெளுத்துத் தரும் இடங்கள் உண்டு.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். எங்கள் புத்தகம் விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கூரியரில் வந்து சேர்ந்தது. மறுபடி அடிக்க ஏது நேரம்? மண்டபத்தில் அப்படியே எடுத்து வைத்தோம்.