மலையூரில் கிட்டார் பழுதுபார்ப்பு: முதல் அடிகள்

கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழையின்போது கிட்டாரின் மேற்பலகை ஈரத்தை உறிஞ்சி உப்புவதால் கம்பிகள் உயர்ந்து, வாசிப்பதே விரலுக்கு வேதனையாகிவிடும். ஆகவே எதையும் திருகுவதற்கு முன், அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்துச் சில நாள்கள் பொறுத்திருக்க வேண்டும்.

பிறகு, சுருதி சேர்த்த நிலையில், ஆறாவது கம்பியை (மிகத் தடித்த கம்பி) முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃப்ரெட்டின் மேலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) அளக்க வேண்டும். எஃகுக் கம்பி கிட்டாரில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் போதும். கூடுதலானால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) வலப்புறமாகக் கால் சுற்றுக்குள் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளக்க வேண்டும். நைலான் கம்பி கிட்டார்களில் பெரும்பாலும் ட்ரஸ் ராடே இருக்காது.

புதிதாகக் கிட்டார் செய்ய விரும்புவோர், மேற்பலகையை இழைப்பதற்கு முன் ஃப்ரெட் இடங்களைக் குறித்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக, கம்பி அதிரும் நீளமான 650 மில்லிமீட்டரை 17.817 ஆல் வகுத்தால், நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) முதல் ஃப்ரெட்டின் தூரம் 36.48 மில்லிமீட்டர் என வரும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுத்துக்கொண்டே போகலாம், ஆனால் குறிக்கும்போது எல்லாத் தூரங்களையும் நட்டிலிருந்தே அளந்தால்தான் பிழை சேராது. மலையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை மரத்தை வாங்க வேண்டாம்; உலராத பலகை, ஒட்டிய பின் சுருங்கிப் பிளக்கும்.