உங்குரியானு: ஒரு ருமேனியக் குடும்பப் பெயரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உங்குரியானு என்ற பெயரைப் பார்த்ததும் பலர் முதலில் திறப்பது அகராதியை. ருமேனிய மொழியில் 'உங்குர்' என்றால் ஹங்கேரியர். சரி, அப்படியானால் இது ஹங்கேரியக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் அந்த முடிவுக்கு ஏற்றாற்போல் வரைபடத்தைப் படிப்பது, பதிவேட்டைத் தேடுவது, எதுவும் கிடைக்கவில்லையே என்று தலையைச் சொறிவது என்று வரிசையாக நடக்கும். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து பிறப்பதால், இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

'உங்குர்' வேறு, 'உங்குரியான்' வேறு

முதல் உலகப் போர் முடியும்வரை டிரான்சில்வேனியா ருமேனியாவோடு இல்லை. அது நெடுங்காலம் ஹங்கேரிய மகுடத்தோடும், பிறகு ஹாப்ஸ்பர்க் பேரரசோடும் சேர்ந்திருந்த நிலம். ஆனால் அங்கே வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ருமேனிய மொழி பேசியவர்கள். கார்பாத்தியன் மலைகளுக்கு இந்தப் பக்கம், கிழக்கே மொல்தாவியாவும் தெற்கே வலாக்கியாவும் ருமேனியச் சிற்றரசுகளாக இருந்தன. மலையைக் கடந்து வந்த ருமேனியரை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'உங்குரியான்' என்றார்கள். ஹங்கேரிக்காரர்கள் ஆளும் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதுதான் பொருள். உங்குரியானு என்ற குடும்பப் பெயர் இதிலிருந்து வந்தது. ஹங்கேரியர் ஒருவரைச் சொல்ல 'உங்குர்' என்ற சொல் தனியாக இருந்தது. உங்குர், உங்குரு என்று அதுவும் குடும்பப் பெயராக நிலைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக்கூடாது.

இந்த வேறுபாடு ருமேனியர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகிப்போன விஷயம். வசிலே அலெக்சாந்திரி 1850இல் அச்சிட்ட 'மியோரிட்சா' என்ற நாட்டுப்புறக் கதைப்பாடலில் மூன்று இடையர்கள் வருகிறார்கள். ஒருவன் மொல்தாவியன், ஒருவன் உங்குரியான், ஒருவன் விரான்சியா பகுதிக்காரன். பின்னிருவரும் சேர்ந்து மொல்தாவியனைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். அந்த உங்குரியானை ஹங்கேரியன் என்று படித்தால், கதை இரண்டு இனங்களின் சண்டையாக மாறிவிடும். உண்மையில் மூவருமே ஒரே மொழி பேசும் இடையர்கள்; மலையின் வேறு வேறு பக்கத்துக்காரர்கள், அவ்வளவுதான்.

நிலத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. வலாக்கியாவில், பிரகோவா மாவட்டத்து மனேச்சு ஊராட்சியில் மனேச்சு-உங்குரேனி, மனேச்சு-பமந்தேனி என்று இரண்டு பகுதிகள் உள்ளன. உங்குரேனி என்பது உங்குரியானின் பன்மை. பமந்தேனி என்றால் மண்ணின் மைந்தர்கள். வந்தேறிகள் ஒரு பக்கம், உள்ளூர்க்காரர்கள் ஒரு பக்கம் என்று குடியேறியது ஊர்ப்பெயரிலேயே பதிந்துவிட்டது.

ஏன் வந்தார்கள் என்பதற்குக் காரணங்கள் பல. சிபியு நகரைச் சுற்றியிருந்த இடையர்கள் குளிர்காலத்தில் ஆட்டு மந்தைகளை டான்யூப் சமவெளி வரை ஓட்டிவந்தார்கள். சிலர் வந்த இடத்திலேயே தங்கிவிட்டார்கள். பண்ணையடிமைத்தனமும் வரிச்சுமையும் தாங்காமல் ஓடிவந்தவர்கள் உண்டு. மத நெருக்கடியும் துரத்தியது. 1760களின் தொடக்கத்தில் ஹாப்ஸ்பர்க் தளபதி புக்கோவ் டிரான்சில்வேனியாவின் ஆர்த்தடாக்ஸ் மடாலயங்களை இடித்தும் எரித்தும் தள்ளினார். துறவிகளும் குடியானவர்களும் மலையேறி இந்தப் பக்கம் இறங்கினார்கள்.

அதற்காக உங்குரியானு எல்லோருமே ருமேனிய வேர் கொண்டவர்கள் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. 1764 ஜனவரியில் கிழக்கு டிரான்சில்வேனியாவின் மாதேஃபால்வாவில் ஹாப்ஸ்பர்க் படை செக்லர்களைச் சுட்டுக்கொன்றபோது தப்பியோடிய பலர் மொல்தாவியாவில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்கள் ஹங்கேரிய மொழிக்காரர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சூட்டும்போது இனவியல் நூலைப் புரட்டிப் பார்த்துச் சூட்டுவதில்லை. மொல்தாவியாவின் பகாவு மாவட்டத்தில் இருக்கும் கத்தோலிக்க உங்குரியானு குடும்பம் ஒன்றைப் பற்றித் தேடுகிறீர்கள் என்றால், இந்தச் சாத்தியத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வரைபடத்தைத் தலைகீழாகப் படிப்பது

இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அது எங்கே அடர்த்தி என்று நிறம் பூசிய வரைபடம் வரும். நிறம் அடர்ந்திருக்கும் இடம்தான் பூர்வீகம் என்று எடுத்துக்கொள்வோம். பல பெயர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஊரிலிருந்து பிறந்த பெயர்களுக்கு நேர்மாறு. மதுரைக்குள் யாரையும் 'மதுரைக்காரர்' என்று கூப்பிடமாட்டார்கள். திருநெல்வேலிக்குப் போய்க் கடை வைத்தால்தான் அந்தப் பெயர் ஒட்டும். உங்குரியானுவும் அப்படித்தான். ருமேனியாவின் கிழக்கில் உள்ள மொல்தாவியப் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் மால்டோவா குடியரசிலும் இந்தப் பெயர் தாராளமாகக் கிடைக்கும். 2012இல் சில மாதங்கள் ருமேனியப் பிரதமராக இருந்த மிஹாய் ரஸ்வான் உங்குரியானு பிறந்தது மொல்தாவியாவின் பழைய தலைநகரான யாஷ் நகரில். அடர்த்தி காட்டும் இடம் குடும்பம் போய்ச் சேர்ந்த இடம். கிளம்பிய இடம் மலைக்கு அந்தப் பக்கம்.

இதே கணக்கில், மொல்தாவியாக்காரர் என்று பொருள்படும் மொல்தொவான் என்ற குடும்பப் பெயரை மொல்தாவியாவில் தேடினால் ஏமாற்றம்தான். அது டிரான்சில்வேனியாவில் கொட்டிக் கிடக்கிறது.

இன்னொன்று. கிழக்கு செர்பியாவின் திமோக் பகுதியில் ருமேனிய மொழிக் கிளையைப் பேசும் விலாக் மக்களிலும் உங்குரேனி என்று ஒரு பிரிவினர் உண்டு. டான்யூபுக்கு வடக்கே, ஹாப்ஸ்பர்க் ஆட்சியிலிருந்த பனாத் பக்கத்திலிருந்து இறங்கியவர்கள். அங்கே அது குழுப்பெயர். அதைக் குடும்பப் பெயரோடு முடிச்சுப் போட்டு உறவு தேடக்கூடாது.

எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரன்கள் என்று நம்புவது

மலையைக் கடந்து வந்தவன் எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் அவன் அங்கே உங்குரியான்தான். ஆக இந்தப் பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் ரத்த உறவு என்று சொல்ல ஒரு முகாந்திரமும் இல்லை. பெயரைக் கொடுத்தால் 'உங்கள் குலச்சின்னம்' என்று கேடயமும் சிங்கமும் அச்சடித்து விற்கும் கடைகள் இருக்கின்றன. பணத்தை மிச்சப்படுத்துங்கள். இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஆடு மேய்த்தவர்களும் உழுதவர்களும்தான்.

1800இலும் இதே பெயர்தான் இருந்திருக்கும் என்று எண்ணுவது

ருமேனியாவில் குடும்பப் பெயரை ஒழுங்குபடுத்திய சட்டம் 1895இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரே ஆள் தேவாலயப் பதிவேட்டில் 'வசிலேயின் மகன் இயோன்' என்றும், வரிப் பட்டியலில் 'இயோன் உங்குரியான்' என்றும், நிலப் பத்திரத்தில் தொழிற்பெயரோடும் இருக்கலாம். அண்ணன் ஒரு பெயரோடும் தம்பி இன்னொரு பெயரோடும் நிலைத்துப்போவது நடந்திருக்கிறது. படித்தவர்களும் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ருமேனியாவின் தேசியக் கவி எமினெஸ்கு பிறந்தபோது எமினோவிச். 1866இல் அவருடைய கவிதையைப் போட்ட 'ஃபமிலியா' இதழின் ஆசிரியர் யோசிஃப் வுல்கன், ஸ்லாவிய ஒலி வரும் விகுதியை நீக்கி எமினெஸ்கு ஆக்கினார். அதுவே நிலைத்தது.

ஆகவே 19ஆம் நூற்றாண்டின் நடுவுக்கு முன்னால் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாமல் ஊரையும் வீட்டையும் தகப்பன் பெயரையும் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. அந்தக் காலத்துப் பதிவுகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ருமேனிய மொழி லத்தீன் எழுத்துக்கு அரசுமுறையில் மாறியது 1860களில்தான்.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவது

வெளிநாட்டில் தேடுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மொல்தாவியாவின் வடமேற்குப் பகுதியான புகோவினா 1775இல் ஆஸ்திரியாவுக்குப் போனது. அதன் கிழக்குப் பாதியான பெசராபியா, அதாவது இன்றைய மால்டோவா குடியரசின் பெரும்பகுதி, 1812இல் ரஷ்யாவுக்குப் போனது. புகோவினாவில் கடைசி உகரம் இல்லாமல் 'உங்குரியான்' என்றே எழுதிய குடும்பங்கள் உண்டு. பெசராபியக் கிளையின் கதை இன்னும் சுற்று. ரஷ்யப் பேரரசிலும், பிறகு சோவியத் மால்டோவாவிலும் பெயர் சிரிலிக்கில் எழுதப்பட்டது. ருமேனிய எழுத்துக்கூட்டலில் 'ஈ', 'ஏ' என்று வரும் இரண்டு லத்தீன் எழுத்துகள் அங்கே 'யா' என்ற ஒற்றை எழுத்தாகின. அதை மறுபடி லத்தீனுக்குக் கொண்டுவரும்போது சிலருக்கு 'ஐ-ஏ', சிலருக்கு 'ஒய்-ஏ'. 1989 ஆகஸ்ட் 31ஆம் தேதிச் சட்டத்தால் மால்டோவா லத்தீன் எழுத்துக்குத் திரும்பியபின் அதன் தலைநகர் சிசினாவில் இருப்பவரின் கடவுச்சீட்டில் பழையபடி 'ஈ-ஏ'. மாஸ்கோவிலோ அல்மாட்டியிலோ இருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கு 'ஒய்-ஏ'. தேடுபொறிக்கு இவர்கள் இரண்டு வேறு குடும்பங்கள்.

கஜகஸ்தானிலும் சைபீரியாவிலும் இந்தப் பெயர் தென்பட்டால் வேலை தேடிப் போனவர்கள் என்று சட்டென்று எழுதிவிட வேண்டாம். 1941 ஜூனிலும் 1949 ஜூலையிலும் சோவியத் அரசு மால்டோவாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலில் ஏற்றி அங்கே நாடுகடத்தியது. சிலர் திரும்பவில்லை.

நாட்டின் பெயரை நம்பி ஏமாறுவது

1900க்கும் 1914க்கும் இடையே அமெரிக்கா போன ருமேனியர்களில் பெரும்பாலோர் அன்றைய ருமேனிய அரசின் குடிமக்களே அல்ல. டிரான்சில்வேனியா, பனாத், புகோவினா ஆகிய ஆஸ்திரிய-ஹங்கேரிய மாகாணங்களிலிருந்து போனவர்கள். 'ஆயிரமும் வழிச்செலவும்' என்பது அவர்களுடைய சொலவடை: ஆயிரம் டாலரும் கப்பல் கட்டணமும் சேர்ந்ததும் ஊர் திரும்பி நிலம் வாங்குவது திட்டம். கிளீவ்லாந்தில் 1904இல் அமெரிக்காவின் முதல் ருமேனிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயப் பங்கு அமைந்ததைப் பார்த்தால் எத்தனை பேர் அங்கேயே தங்கினார்கள் என்று ஊகிக்கலாம். கனடாவில் அல்பெர்ட்டா மாகாணத்து போயான் என்ற ஊர், புகோவினாவின் போயான் கிராமத்தார் குடியேறியது.

அந்தக் காலத்துக் கப்பல் பட்டியலில் புகோவினாக்காரருக்கு நாடு 'ஆஸ்திரியா' என்றிருக்கும். பனாத்துக்காரருக்கு 'ஹங்கேரி'. பெசராபியாக்காரருக்கு 'ரஷ்யா'. ஒரே பெயர், ஒரே மொழி, மூன்று நாடு. 'ஹங்கேரி' என்று பார்த்தவுடன், பெயரின் அகராதிப் பொருளும் சேர்ந்துகொள்ள, சந்தேகமே இல்லாமல் ஹங்கேரியர் என்று எழுதிவிடுவார்கள். அமெரிக்கப் பட்டியலில் நாட்டோடு 'இனம் அல்லது மக்கள்' என்று தனிக் கட்டம் ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையும் வேண்டாம். அவர்கள் கையில் இருந்தது புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதிய பட்டியல். பெயர் மாறியது பெரும்பாலும் பின்னால், ஆலையிலும் பள்ளியிலும் குடியுரிமை மனுவிலும்.

இன்றைய எண்ணிக்கைகளிலும் இதே குழப்பம் வேறு உருவத்தில் வருகிறது. 2002இல் விசா இல்லாத பயணம், 2007இல் ஐரோப்பிய ஒன்றிய உறுப்புரிமை என்று கதவுகள் திறந்தபின் ருமேனியர்கள் மேற்கே போனார்கள். இத்தாலியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ருமேனியாவில் பிறந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 80,000 பேர், 2021இல் 5,39,000. ஆக, பழைய தொலைபேசிப் புத்தகங்களை வைத்துப் போட்ட பெயர் வரைபடங்கள் இந்த நாடுகளுக்கு உதவாது. கட்டடத் தொழிலாளியும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் கைபேசியோடு வந்தவர்கள்.

ஒரே ஊர்க்காரர்கள் ஒரே நகரத்துக்குப் போகும் வழக்கமும் உண்டு. வட இத்தாலியின் தூரினில் பகாவு மாவட்டத்தார் மிகுதி. ஸ்பெயினின் கஸ்தெயோனில் வலாக்கியாவின் தம்போவிட்சா மாவட்டத்தார் மிகுதி. எனவே தூரினில் உங்குரியானு அதிகம் தட்டுப்பட்டால் அதற்கு மொல்தாவியத் தொடர்பு போதுமான விளக்கம். கூடவே, பெசராபியா ருமேனியாவோடு இருந்த காலத்தில், 1940க்கு முன், ருமேனியக் குடிமக்களாக இருந்தவர்களின் சந்ததியினர் என்ற முறையில் மால்டோவாக்காரர்கள் பலர் ருமேனியக் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள். இத்தாலியின் பாதுவாவில் 'ருமேனியர்' என்று பதிவாகியிருக்கும் உங்குரியானு, ருமேனியாவில் ஒரு நாள்கூட வாழாதவராக இருக்கலாம். இத்தாலியில் இருக்கும் மால்டோவாக்காரர்களில் பெண்களே அதிகம். அவர்களில் பலருக்கு இது புகுந்த வீட்டுப் பெயர்.

ஒலி ஒத்துப்போகிறது என்று உறவு சொல்வது

உங்கர், உங்காரோ எல்லாம் வேறு பாதை. உங்கர் ஜெர்மன் மொழிப் பெயர், யூதர்களிடமும் உண்டு. ஆடை வடிவமைப்பாளர் எமானுவேல் உங்காரோ பிரான்சில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹங்கேரி எல்லாருக்கும் பக்கத்து வீடு. அதை வைத்துப் பெயர் உண்டாக்கியதில் ருமேனியர்களுக்கு ஏகபோகம் இல்லை.

சில்லறைத் தவறுகள், பெரிய அலைச்சல்

ருமேனிய அலுவலகத் தாள்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். 'உங்குரியானு வி. இயோன்' என்றிருந்தால் நடுவில் உள்ளது இரண்டாம் பெயரல்ல, அப்பாவின் முதலெழுத்து. இதைத் தெரியாமல் விட்டால், ஒரு தலைமுறை தாண்ட உதவும் துப்பு வீணாகிவிடும்.

பகாவு மாவட்டத்திலும் பொதோஷானி மாவட்டத்திலும் உங்குரேனி என்று ஊராட்சிகள் உள்ளன. பெயர் பொருந்துகிறதே என்று நேரே அங்கே கடிதம் எழுதுபவர்கள் உண்டு. ஊருக்கும் குடும்பத்துக்கும் அதே காரணத்தால் தனித்தனியாகப் பெயர் வந்திருக்கும். அமெரிக்கக் கிளையைத் தேடுகிறவர்கள் 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை மனுவை எடுத்தால் பிறந்த ஊர் அதில் எழுதியிருக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், வாய்விட்டுப் படித்து, அந்த ஒலிக்கு ருமேனிய, ஜெர்மன், ஹங்கேரிய எழுத்துக்கூட்டல் மூன்றையும் பழைய வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.