'சிங்கிங் இன் தி ரெயின்' பார்த்துவிட்டு உருப்படியாகக் கருத்து சொல்வது எப்படி

பாட்டும் நடனமுமாக ஓடும் ஹாலிவுட் மியூசிக்கல்களிலேயே இதுதான் உச்சம் என்று யார் சொல்லியிருந்தாலும் அதை மறந்துவிட்டு உட்காருங்கள். 1952இல் வந்த படம், 103 நிமிடம்தான். மழைப் பாட்டை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு "இதுல என்ன இருக்கு" என்று கேட்பவர்கள் நிறைய. கதையோடு சேர்ந்து வரும்போதுதான் அந்த மனுஷன் ஏன் குடையை மடக்கிவிட்டு நனைகிறான் என்பது புரியும். நாயகன் ஜீன் கெல்லி அந்தப் பாட்டில் காய்ச்சலோடு ஆடினார் என்ற தகவலை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நீங்கள் விட்டுவிடுங்கள்.

கதை நடப்பது 1927இல், பேசும் படம் வந்து ஊமைப்பட நட்சத்திரங்கள் ஆடிப்போன நேரம். அதனால் கூர்ந்து பார்க்க வேண்டியது நடனத்தை விட மைக் காட்சியைத்தான். செடிக்குள் மைக்கை ஒளித்து வைப்பார்கள், ஊமைப்பட நட்சத்திரமான லீனா தலையைத் திருப்பினால் குரல் போய்விடும். சட்டைக்குள் வைத்தால் இதயத்துடிப்பு கேட்கும். படத்தின் மிகச் சிறந்த காமெடி இதுதான், என்னைக் கேட்டால்.

கதை பாட்டுக்காகத் தைத்தது போல இருக்கிறது என்பது பலர் சொல்லும் குறை. உண்மைதான்! பெரும்பாலான பாடல்கள் படத்தைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டுடியோவின் பழைய படங்களில் ஏற்கெனவே வந்தவை, அவற்றைக் கையில் கொடுத்துத்தான் கதை எழுதச் சொன்னார்கள். குறையாகச் சொல்வதென்றால் இது தெரிந்து சொல்லுங்கள். கடைசிப் பகுதியில் வரும் நீண்ட பிராட்வே நடனம் கதையை அப்படியே நிறுத்திவிடுகிறது, எனக்கும் அது இழுவைதான், ஆனாலும் முதல் தடவை ஓட்டிவிடாதீர்கள், நடனக்காரி சிட் சாரிஸ் வருகிறார்.

அப்புறம் லீனா. வில்லி என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் அவராக நடித்த ஜீன் ஹேகனுக்காகவே இரண்டாவது முறை பாருங்கள், துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை. கதைப்படி லீனாவின் குரல் பேசும் படத்துக்கு ஒத்துவராததால் கேத்தி என்ற இளம் நடிகை மறைவில் இருந்து குரல் கொடுக்கிறாள்; ஆனால் லீனாவுக்காக கேத்தி வசனம் பேசும் காட்சியில் நாம் கேட்பது ஜீன் ஹேகனின் சொந்தக் குரல். கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு 'வுட் யூ' பாட்டில் குரல் கொடுத்தவர் பெட்டி நாய்ஸ், அவர் பெயர் டைட்டிலில் கிடையாது. குரல் திருட்டைக் கிண்டல் செய்யும் படத்திலேயே இது!

எழுதும்போது "அருமை, காலத்தை வென்றது" எல்லாம் வேண்டாம். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அது உங்களை என்ன செய்தது என்று சொல்லுங்கள், போதும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் கடைசியில் மேடையில் லீனா வாயசைக்க, பின்னால் பாடும் கேத்தி தெரியும்படி திரையைத் தூக்கும் இடத்தை எடுங்கள். முதல் தடவை நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த தடவை, திரையைத் தூக்கப்போவதைப் பற்றிப் பின்னால் நின்று பாடும் கேத்தியிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் கண்ணில் பட்டது.