கார்னர் கிக் எடுக்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள்?

சென்ற வாரம் ஒரு பள்ளி மைதானத்தில், இளம் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் கார்னர் கிக் (எதிரணி கோல் பக்க மூலையிலிருந்து அடிக்கும் உதை) கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். முதல் கோல் கம்பத்துக்கு ஓடுவது யார், இரண்டாவது கம்பத்துக்கு யார் என்று பொறுமையாகச் சொன்னார். பந்து பறிபோனால் என்ன செய்வது என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். பந்தைச் சரியான இடத்தில் வைப்பது போன்றவற்றைப் பையன்களே இரண்டு ஆட்டங்களில் கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, பயிற்சியாளர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எல்லோரையும் முன்னால் அனுப்புவது

15 வயதுக்குட்பட்டோர் அரையிறுதி. 1-1. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது எங்களுக்குக் கார்னர் கிடைத்தது. ஒரே ஒருவனை நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு மற்றவர்களை அனுப்பினேன். எதிரணியின் வேகமான பையன் அவனிடமிருந்து பத்தடி தள்ளி நின்றான். அவர்களுடைய கோல்கீப்பர் பந்தைப் பிடித்து உடனே எறிந்தார், தோற்றோம். பின்னால் நின்ற பையன் பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதான். அவனை அங்கே தனியாக நிறுத்தியது நான். இன்றும் அதை நினைத்தால் என்மேல் கோபம் வருகிறது.

உலகக் கோப்பையிலும் இது நடந்திருக்கிறது. 2018 ஜூலை 2, ரஷ்யாவின் ரோஸ்டோவ். பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்த ஜப்பான், 2-2 ஆன பிறகு, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த கடைசி நிமிடங்களில் கார்னர் பெற்றது. ஹோண்டா அடித்த பந்தைப் பிடித்த பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்ட்வா, அதைத் தன் அணியின் டி புருய்னேவிடம் உருட்டிவிட்டார். மைதானத்தின் நடுவே அவரை மறிக்க ஆளே இல்லை. வலப்புறம் மூனியேவுக்குப் பந்து போனது. அவர் குறுக்கே அடித்ததை லுகாகு தொடாமல் விட, சாட்லி கோல் அடித்தார். ஜப்பான் வெளியேறியது.

எதிரணி முன்னால் எத்தனை பேரை விட்டுவைத்திருக்கிறது என்று எண்ணுங்கள். அதைவிட ஒருவர் கூடுதலாக உங்கள் பக்கம் பின்னால் இருக்க வேண்டும். பின்னால் இருப்பவர்கள் நடுக்கோட்டைக் காவல் காக்கக் கூடாது. எதிராளியை ஒட்டி, நம் கோல் இருக்கும் பக்கமாக நிற்க வேண்டும். எதிரணியின் பெனால்டி பாக்ஸ் (கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டம்) விளிம்பில் இன்னும் இருவர். ஒருவர் தெறித்து வரும் பந்துக்கு. மற்றவர், கோல்கீப்பர் பந்தைப் பிடித்த கணத்தில் மைதானத்தின் நடுப்பகுதியை அடைக்க.

“கோல் வேண்டுமென்றால் ஆபத்தைத் துணியத்தான் வேண்டும்” என்று பயிற்சியாளர்கள் பதில் சொல்லும்போது பொறுக்க முடிவதில்லை. தடுப்பு வீரர் தலையால் தள்ளிவிடும் பந்து பெரும்பாலும் அந்த விளிம்புக்குத்தான் வருகிறது. அங்கே ஆள் இருந்தால் இரண்டாவது தாக்குதலும் உங்களுடையது.

பயிற்சியில் கார்னர் முடிந்ததும் விசில் ஊதாதீர்கள். உடனே இன்னொரு பந்தை எதிரணியிடம் உருட்டிவிட்டு, அவர்களை முழு மைதானமும் ஓடவிடுங்கள். பத்து முறை இப்படிச் செய்தால், பின்னால் நிற்பது எதற்கென்று பையன்களுக்கே புரியும்.

பன்னிரண்டு திட்டங்கள்

கார்னருக்கு இத்தனை திட்டங்களைப் பையன்களால் நினைவில் வைக்க முடியாது. இரண்டு போதும்.

எப்போதும் சைகைக்குக் காத்திருப்பது

2019 மே 7 அன்று பார்சிலோனாவுக்கு எதிராக, கார்னரை விட்டு நடக்கத் தொடங்கிய லிவர்பூல் வீரர் அலெக்சாண்டர்-அர்னால்டு சட்டென்று திரும்பி அடித்தார். தடுப்பு வீரர்கள் சுதாரிப்பதற்குள் அவருடைய அணியின் ஒரிகி கோலாக்கினார். எதிரணி அசந்திருந்தால் உடனே அடிக்கும் உரிமையைப் பையன்களுக்குக் கொடுங்கள்.

எதிரணிச் சுவரில் நம் ஆளைச் சேர்ப்பது

இது கார்னரில் அல்ல, ஃப்ரீ கிக்கில் (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை). கோலை மறைக்க எதிரணி வரிசையாக நிற்பதுதான் சுவர். அதில் நம் ஆளைச் சேர்ப்பது பழைய பழக்கம். மூன்று பேரோ அதற்கு மேலோ சுவராக நின்றால், 2019 முதல் நம் ஆட்டக்காரர் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை).