செல்போனைப் புடுங்கிட்டேன், அங்கதான் தப்பு

எம்பொண்ணு பிளஸ் ஒன் படிக்கறப்போ ரவைக்கு ஒரு மணிக்குப் போர்வைக்குள்ள, அவ லவ் பண்ற பையன்கிட்ட போன்ல கெஞ்சற சத்தம். “சாரி, இனிமே அவகூடப் பேசமாட்டேன்.” திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறவ நானுங்க. ஊசி ஓட்டையக்கூட விடமாட்டேன். இதை மூணு மாசம் விட்டிருக்கேன்.

செல்லைப் புடுங்கினேன். எங்கூட்டுக்காரரு, “படிப்பை நிறுத்திக் கட்டிக் குடுத்தர்லாம்”னாரு. மக்யா நாளே சிநேகிதி போன்ல அவனுக்குப் பேசியிருக்கா. “வீட்ல தெரிஞ்சா உன்னை உடமாட்டாங்க, உனக்கு நான்தான்”னு அவன் சொல்லி வெச்சிருந்தான். நாங்க அதை நெசமாக்கிட்டோம்.

அதனால மொதல்ல, “படிப்பு நிக்காது கண்ணு, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்”னு சொல்லுங்க. சொன்னா காப்பாத்தோணும். நேருக்கு நேரா உக்கார வெச்சுக் கேக்காதீங்க. நாங்க பொடக்காளியில ஏனம் கழுவறப்பதான் பேசுனோம். அவனைத் திட்டாதீங்க, திட்டுனா அவனுக்கு வக்காலத்து வாங்குவா. “போன் எடுக்கலீன்னா என்ன பண்ணுவான்?”னு மட்டும் கேட்டேன். பக்கத்துல யாருன்னு போட்டோ அனுப்போணும், இன்ஸ்டா பாஸ்வேர்டு குடுக்கோணும், இல்லீன்னா கைய அறுத்துக்குவானாம். அதைப் பாசம்னு நெனச்சிருக்கா.

அந்தரங்கப் போட்டோவைக் காட்டி மிரட்டுனா, பிளாக் பண்றதுக்கு முன்னால மிரட்டுன மெசேஜ், அவன் ஐடி, தேதி தெரியறாப்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அந்தப் போட்டோவை மட்டும் மாமன் சித்தப்பன்னு யாருக்கும் அனுப்பாதீங்க. 18 வயசுக்குக் கீழ இருந்தா அனுப்பறதே குத்தம். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்குக் கூப்புடுங்க. குழந்தைகளுக்கு 1098, எந்நேரமும் எடுப்பாங்க.

ஒறம்பரைக்குத் தெரிஞ்சிருமேன்னுதான் பாதிப்பேர் வாயத் தொறக்கறதில்ல. குழந்தைகளைப் பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்தற 2012 போக்சோ சட்டத்துல, புள்ள பேரோ படமோ பத்திரிகைல வரக்கூடாது. வாக்குமூலம் வாங்க போலீஸ் யூனிபார்ம் இல்லாம வீட்டுக்கே வரலாம், கூடியவரைக்கும் பொம்பள எஸ்.ஐ. ராத்திரி ஸ்டேஷன்ல வெக்கக் கூடாது. பொள்ளாச்சி பாலியல் கொடுமை வழக்குக்குப் பொறவு எங்க பக்கம் பொண்ணுங்களைத்தான் பூட்டி வெச்சாங்க. 2025 மே மாசம் கோயமுத்தூர் கோர்ட்டு அந்த ஒம்பது பேருக்கும் சாகறமுட்டும் ஜெயில்னு தீர்ப்புச் சொன்னதை எத்தனை வீட்ல பேசுனாங்க?

விட்டுட்டு வர்ற நேரந்தான் ரொம்ப பயம். “கடைசியா ஒருக்கா பாத்துட்டுப் போறேன்”னு கூப்புட்டா தனியா அனுப்பாதீங்க. நான் ரெண்டு மாசம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன், ஷிப்டு கூலி போச்சு. நடுவுல ஒருக்கா அவன்கிட்டத் திரும்பியும் போனா. வாய் வரைக்கும் வந்த வார்த்தைய முழுங்கிட்டுத் தோசை ஊத்துனேன். மூணாவது தோசைக்கு அவளே சொல்ல ஆரம்பிச்சா.